தொலி உளுந்து ஒரு கிலோ அனுப்பியிருக்கேன்

தாராவி,
ஐப்பசி, ஞாயிறு ராத்திரி

எய்யா,

எதிர்வீட்டு அண்ணாச்சி மகன் நாளைக்கு ராஜதானியில டெல்லிக்கு வாரான். பையில இடம் இருக்குன்னான். தொலி உளுந்து ஒரு கிலோ, கருப்பு எள்ளு கால் கிலோ, கோக்கம் புளி ஒரு பொட்டலம், மாட்டுங்கா மார்க்கெட்ல வாங்கின செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் குடுத்து விடுறேன். பாட்டில் மூடியில நூல் சுத்தி மேல கவர் போட்டுக் கட்டியிருக்கேன். கத்தியை வச்சு அறுக்காதே, பொறுமையா அவிழ்த்துக்கோ.

கூடவே இந்தக் கடிதம். ஃபோன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு கேட்டுட்டு மறுநாள் "எத்தனை விசில்மா?"ன்னு திரும்பக் கேக்கிறே. எழுதிக் குடுத்தா அடுப்புக்கு மேல ஒட்டி வச்சுக்கலாம். நான் முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல ஏழாவது வரைக்கும் படிச்சவ. பிழை இருந்தா சிரிக்காதே.

முதல்ல போன பொங்கலைப் பேசிருவோம், நீ பாலு, நெய்யி, மீன், கறி எல்லாத்தையும் விட்டுட்டு வீகன்னு வந்து நின்ன பொங்கலை. இந்தப் பத்து மாசமா நீயும் அதைப் பேசல, நானும் பேசல. நைன்டி ஃபீட் ரோட்டுல அத்தனை பேரும் பானை வச்சு, ரோடெல்லாம் புகை. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டே முதல் கரண்டிப் பொங்கலை இலையில வச்சு உன் கையில தந்தேன். நீ மெதுவாத்தான் சொன்னே, "பாலும் நெய்யும் ஊத்தியிருக்கேம்மா, வேண்டாம்"னு. பக்கத்துப் பானைக்காரி திரும்பிப் பாத்தா. அதுதான் எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. "இந்த வீட்டுச் சோறே வேண்டாம்னா எதுக்கு வந்தே?"ன்னு கேட்டுட்டேன். மறுநாள் கறிக்குழம்பையும் நீ தொடல. வெறும் சோத்துக்கு நார்த்தங்கா ஊறுகாயை வச்சுத் தின்னுட்டு டிரெயின் ஏறினே. அந்தத் தட்டு இன்னும் என் கண்ணுலயே நிக்கி. நான் கேட்டது தப்பு. நீ விட்டது பாலையும் மீனையும்தான், என் கையை இல்ல. அது புரிய எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு.

எப்படிப் புரிஞ்சிதுன்னு சொல்றேன். ஒரு நாள் காலையில நாலு மணிக்கு இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன். நம்ம இட்லிக்காரர் தூக்கு, சட்டி எல்லாம் அடுக்கி சைக்கிள்ல கட்டிக்கிட்டு இருக்காரு. இட்லி, தேங்கா சட்னி, சாம்பார். நின்னு யோசிச்சேன், இதுல எதுலடே பாலு? அரிசி, உளுந்து, தேங்கா, பொரிகடலை, துவரம்பருப்பு. நீ சொல்லுற வீகன் சாப்பாட்டைத்தான் பதினெட்டு வருஷமா சயன், தாதர்னு பம்பாய்க்காரனுக்கெல்லாம் வித்திருக்கேன், பேருதான் தெரியல. அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப ரெண்டு ரூவா கூட்டிப் போடு"ன்னாவ.

இனி சமையல். உன்கிட்ட இருக்கிறது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மூணு லிட்டர் குக்கர். ராத்திரி எட்டரைக்கு வாரவனுக்கு நாலு கறி, அஞ்சு வெஞ்சனமெல்லாம் நடக்காது. உளுந்தஞ்சோறு வை. ஒரே பானை, வயிறு நிறையும், டெல்லிக் குளிருக்கு இதைவிட ஒண்ணு கிடையாது.

அரிசி ஒரு டம்ளர்னா தொலி உளுந்து அரை டம்ளர். தொலியைக் கழுவி விட்டுராதே, அந்தக் கருப்புலதான் மணம் இருக்கு. வெறும் குக்கர்ல உளுந்தை லேசா வறு. செவக்க வேண்டாம், வாசம் வந்ததும் நிறுத்திரு. வெள்ளைப்பூடு பதினஞ்சு பல்லு, தோலை உரிச்சு முழுசாப் போடு. வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், தேங்காத் துருவல் ஒரு கை, உப்பு. தண்ணி நாலரை டம்ளர். குழைஞ்சாத்தான் ருசி, புலாவ் மாதிரி உதிரி உதிரியா வந்தா நீ தண்ணியில கஞ்சத்தனம் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். அஞ்சு விசில். ஆவி தானா அடங்கட்டும், விசிலைத் தூக்கி விடாதே. திறந்ததும் கரண்டிக் காம்பால ஒரு கிண்டு கிண்டி, தட்டுல போட்டு, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊத்திக்கோ. நெய்யைத் தேடவே மாட்டே. ஊர்ல இதுக்கு நெய் ஊத்தி நான் பாத்ததும் இல்ல.

தொட்டுக்க எள்ளுத் தொவையல். எள்ளு ரெண்டு கரண்டியை வறுக்கும்போது மூடி ஒண்ணைக் கையில வச்சுக்கோ. படபடன்னு தெறிக்கும், உன் ரூம் தரையைப் பெருக்கப் போறது நீதான். நாலு மிளகா வத்தல், கொஞ்சம் புளி, ரெண்டு பல்லு பூடு, தேங்கா, உப்பு. கரகரன்னு அரை. ஒரு வாரம் வச்சுக்கணும்னா தேங்காயும் தண்ணியும் சேக்காம பொடியா இடிச்சு வச்சிரு.

பாலை விட்டா எலும்பு என்னாகும்னு நான் கத்தினேன்ல. ஹெல்த் சென்டர்ல டாக்டரம்மாகிட்ட கேட்டேன். நூறு கிராம் பால்ல சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம் சொச்சமாம், கேப்பையில 350-க்குப் பக்கம், தொலியோட எள்ளுல 1,000-க்கு மேலயாம். நூறு கிராம் எள்ளை யாரு திம்பான்னு கேக்காதே, நானும் அதைத்தான் கேட்டேன். தினம் ரெண்டு ஸ்பூன், வாரத்துல மூணு நாள் கேப்பைக் களியோ தோசையோ, கூட கீரைன்னு சேத்துக்கிட்டா போதும்னாங்க. ஆனா ஒண்ணு கண்டிப்பாச் சொன்னாங்க. பி12 வைட்டமின் செடி கொடியில கிடைக்காது. மாட்டு வயித்துல இருக்கிற கிருமி அதுக்குச் செஞ்சு குடுத்திருமாம், நமக்கு அப்படி இல்ல. உடம்புல சேத்து வச்சது தீர வருஷக்கணக்காகும், அதனால குறையுறது தெரியவே தெரியாதாம். கை கால் மரத்துப்போன பிறகுதான் தெரியும். மாத்திரை எழுதி வாங்கிக்கோ. யானை இலையைத் தின்னு வாழலியான்னு பேசிக்கிட்டு இருக்காதே, நீ யானை இல்ல.

மீன்குழம்பைப் பத்திச் சொல்லணும். அதை நினைச்சாத்தான் எனக்குத் துக்கம் வரும். நீ சின்னதுல மீனை ஓரமா ஒதுக்கிட்டுக் குழம்பை மட்டும் மூணு தடவை ஊத்திக்குவே. அப்ப உனக்குப் பிடிச்சது மீனா, குழம்பான்னு போன மாசம்தான் யோசிச்சேன். செஞ்சு பாத்திருவோம்னு வாழைக்காயை வாங்கி, மீன் துண்டு மாதிரி சரிச்சு வெட்டினேன். மஞ்சள், வத்தல்பொடி, உப்பு பிசிறிக் கால் மணி நேரம் ஊறப் போட்டு, தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் செவக்க விட்டேன். குழம்பு வழக்கம்போலத்தான்: தேங்கா, சீரகம், நாலு சின்ன வெங்காயம் வச்சு மையா அரைச்சது, எலுமிச்சை அளவு புளி, வத்தல்பொடி, மல்லிப்பொடி. கொதிச்சு எண்ணெய் மேல வந்த பிறகு ரெண்டு துண்டு மாங்கா, கடைசியா வாழைக்காய். வெந்தயமும் கருவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டி மூடி வச்சாச்சு. முதல்லயே வாழைக்காயைப் போட்டா கரைஞ்சு கூழாயிரும், அது ஞாபகம் இருக்கட்டும். அப்பா சாப்பிட உக்காந்தாவ. துண்டைப் பிட்டு விரலால முள்ளைத் தடவுதாவ! நான் வாயைத் திறக்கல. ரெண்டாவது வாயிலதான் கண்டுபிடிச்சாவ. ஒண்ணும் சொல்லல, ராத்திரி மிச்சக் குழம்பை ஊத்திப் பழைய சோறு தின்னாவ.

எல்லாம் இப்படி வந்துச்சுன்னு நினைக்காதே. தயிர்ல தோத்தேன். நிலக்கடலையை அரைச்சுப் பாலெடுத்து, பச்சை மிளகாக் காம்பைப் போட்டா உறையும்னு ஒருத்தி சொன்னா. மே மாசம் முதல் தடவை, தோலை உரிக்காம அரைச்சுட்டேன். மண்ணு கலரு, பச்சை வாடை, வாயில வைக்க முடியல. ரெண்டாவது தடவை தோலை உரிச்சு, ஒரு டம்ளர் கடலைக்கு மூணு டம்ளர் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, பத்து நிமிஷம் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுல எட்டுக் காம்பு போட்டு மூடி வச்சேன். பம்பாய்ப் புழுக்கத்துக்கு விடியுமுன்ன உறைஞ்சிட்டு. புளிப்பு இருந்துச்சு. ஆனா தயிர் மாதிரி இல்ல எய்யா, அதுல உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். தாளிச்சு, சோத்துல பிசைஞ்சு, மாங்கா ஊறுகாய் வச்சா இறங்கும். டெல்லிக் குளிர்ல காம்பு பாட்டுக்கு மிதந்துக்கிட்டுக் கிடக்கும், உறையாது. வெயில் வந்த பிறகு செய்.

இட்லி மாவுக்கும் அங்க அதே கஷ்டம்தான். ஜனவரியில மாவு பொங்கி வரலைன்னு நீ அழுதியே. அரைச்சதும் உப்புப் போட்டுக் கையாலயே கரைச்சு, பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி, மூடியில்லாத பெரிய பெட்டியில வைக்காம சின்ன அலமாரிக்குள்ள வச்சு, கூட ஒரு பாட்டில் வெந்நீர் வை. அப்பவும் பொங்கலைன்னா தோசையா ஊத்திக்கோ, யாரு கேக்கப் போறா.

மோரு இல்லாம சாப்பாடு எப்படி முடியும்னு நினைச்சேன். அதுக்கு வழி சொன்னது நம்ம மாடி வீட்டு மராத்திக்கார காகு. கொங்கண்ல சோத்துக்குக் கடைசியா சோல்கடி குடிப்பாங்களே, ரோஸ் கலர்ல. நம்ம குடம்புளிக்குச் சொந்தக்காரப் புளிதான் கோக்கம். ஏழெட்டுத் தோலை வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறப் போட்டுப் பிழிஞ்சுக்கோ. தேங்காப்பால் ஒரு டம்ளர், ஒரு பச்சை மிளகா, ஒரு பல்லு பூடு நசுக்கினது, உப்பு, மல்லித்தழை. கலந்தா முடிஞ்சிட்டு. அடுப்புல வைக்காதே, திரிஞ்சிரும். ஆனா கடையில தேங்காப்பால் பவுடர் வாங்கினா பாக்கெட்டுப் பின்னால படி. தேங்கா படம் போட்டுட்டு உள்ள பால்புரதம் சேத்திருப்பான். பச்சைப் புள்ளியை நம்பாதே, அது சைவம்னு சொல்லுமே தவிர பால் இல்லைன்னு சொல்லாது. இப்ப வீகனுக்குன்னு பச்சை 'வி' போட்ட தனி முத்திரை இருக்காம், எதிர்வீட்டுப் பையன் செல்லுல காட்டினான்.

ராஜ்மா நீயே நல்லாச் செய்றே, அதுக்கு நான் என்ன சொல்ல. ராத்திரி ஊறப் போட்ட தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில நல்லா வேக வை, அரைவேக்காடா இருந்தா வாந்திதான். உன் ரூம் பீகார் தம்பி சத்துமாவு கரைச்சுக் குடிப்பானே, அதைக் கத்துக்கோ. வறுத்த கடலை மாவு, பல்லாரி வெங்காயம், எலுமிச்சம்பழம், உப்பு, அடுப்பே வேண்டாம். குளிர் காலத்துப் பட்டாணியும் செவப்புக் கேரட்டும் மலிவா வரும்போது ஒரு ஞாயித்துக்கிழமை சொதி வை. தேங்காயோட ரெண்டாம் பால்ல காயும் பாசிப்பருப்பும் வெந்த பிறகு இஞ்சி, பச்சை மிளகா அரைச்சு விட்டு, முதல் பால் ஊத்தி நுரை கட்டினதும் இறக்கிரு. எலுமிச்சை சாறு ஆறின பிறகு. மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியில சொட்டுப் பசும்பால் கிடையாது, பாத்தியா.

இன்னொண்ணு. நேத்து ஆச்சிகிட்ட ஃபோன்ல பேசினேன். சின்னதுல நம்ம வீட்டுப் பொங்கப்பானைக்கு எவ்வளவு பால் ஊத்துவோம்னு கேட்டேன். சிரிச்சிட்டு, "பாலா? அரிசி களைஞ்ச தண்ணிதான் ஊத்துவோம். அதுவே பொங்கி வழியும். பாலுக்கு எங்க போக?"ன்னா. வர்ற தை ஒண்ணாந்தேதி ரெண்டு பானை வைக்கப் போறேன். ஒண்ணு அப்பாவுக்கு. இன்னொண்ணுல களைஞ்ச தண்ணி, வெல்லம், தேங்காப்பால், முந்திரியைத் தேங்கா எண்ணெயில வறுத்துப் போடுவேன். பக்கத்துப் பானைக்காரி திரும்பிப் பாத்தா பாக்கட்டும்.

டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னாலதான் திறக்கானாம். நவம்பர் நடுவுல காலையில எந்திரிச்சு முதல் வேலையா எடுத்திரு, போன தடவை மாதிரி வெயிட்டிங்ல நிக்காதே. எண்ணெய் பாட்டிலைக் காலி ஆனதும் தூக்கிப் போடாம கொண்டு வா, மூடி நல்ல மூடி.

உன் அம்மா