பாதியில் வெட்டப்பட்ட ஒரு வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆசிரியர்களின் பதவி உயர்வை முடிவுசெய்யும் மதிப்பீட்டுக் குழுக்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு குழுவின் அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இணைப் பேராசிரியர் ஒருவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். வழக்கம்போல வெளி நிபுணர்கள் மூவரிடம் கருத்துக் கேட்டோம். ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு வாக்கியம்: "இவருடைய சோதனை முறை இன்னும் செம்மைப்பட வேண்டும், ஆனால் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் இவர்தான், நாங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினோம்." எங்கள் அறிக்கையில் ஏறியது "ஆனால்" என்ற சொல்லுக்கு முந்தைய பகுதி மட்டுமே. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அறிக்கை சுற்றுக்கு வந்தது. அசல் கடிதத்தை எடுத்து ஒத்துப் பார்க்காமல் நானும் கையெழுத்திட்டேன். விண்ணப்பதாரருக்குப் போனது "குழு பரிந்துரைக்கவில்லை" என்ற ஒற்றை வரி. வேறொரு வேலையாக அந்தக் கோப்பைப் பல மாதங்கள் கழித்துப் புரட்டியபோதுதான் விடுபட்ட பாதி கண்ணில் பட்டது. துறைத் தலைவரிடம் ஓடினேன். "முடிந்துபோன விஷயம்" என்றார்.

குழுவுக்கு மேலே இருப்பவர்கள் அசல் கடிதங்களையோ ஆய்வுக் கட்டுரைகளையோ படிப்பது அபூர்வம். அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு அந்த ஆசிரியர். அதில் போய் "சில உறுப்பினர்கள் ஐயம் தெரிவித்தனர்" என்று எழுதுகிறோம். எத்தனை பேர்? எதைப் பற்றிய ஐயம்? அதற்கு இன்னொரு உறுப்பினர் சொன்ன பதில் என்ன? ஒன்றும் இருக்காது. வாக்கெடுப்பில் ஒருவர் மாறுபட்டால் அவருடைய காரணம் அவருடைய சொற்களிலேயே அறிக்கையில் இடம்பெற வேண்டும். மாறாக, "ஒருமனதாக" என்று எழுதிவிடலாமே என்று அவரைச் சமாதானப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

படிக்க நேரமில்லாத குழு எண்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் ஹெச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷ், ஒருவரின் பன்முகப் பணியை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் என்பது அந்த இதழின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் சராசரி. சில கட்டுரைகள் நிறைய மேற்கோள் காட்டப்பட்டாலே அது ஏறிவிடும். அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரையின் தரத்தை அது சொல்லாது. பதவி உயர்வில் அதை அளவுகோலாக்காதீர்கள் என்று ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் 2012இல் கூடிப் பேசி உருவாக்கிய, ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. ஆனாலும் கூட்டம் தொடங்கியதும் முதலில் மேசைக்கு வருவது இந்த எண்களின் அட்டவணைதான். கட்டுரையைத் திறந்து படித்துவிட்டு வந்தவர் யார் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

மதிப்பிடப்படுபவர் தன்னைப் பற்றிய தரவுகளையும் அவற்றை அலசிய விதத்தையும் சரிபார்க்க வழி வேண்டும் என்பது ஆய்வு மதிப்பீட்டில் எண்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று 2015இல் வெளியான லைடன் கொள்கை அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று. இதைத்தான் நான் கேட்கிறேன். குழுவின் அறிக்கை மேலே போகுமுன் விண்ணப்பதாரரிடம் ஒரு படியைக் கொடுங்கள். எழுத்தில் பதில் சொல்ல அவருக்குப் பத்து நாள் கொடுங்கள். அந்தப் பதிலையும் அறிக்கையோடு சேர்த்தே அனுப்புங்கள்.

அப்படிச் செய்தால் வெளி நிபுணர்கள் மனம்விட்டு எழுத மாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிடலாம். சொன்னதைப் பாதியில் வெட்டாமல் முழு வாக்கியமாகக் கொடுப்பதற்கு அந்த ரகசியம் தடையாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்