ஊசி இருக்கு, வீடு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம். எங்க பக்கம் யாருக்காவது மனசு சரியில்லன்னா இன்னமும் 'தஞ்சோங் ரம்புத்தான் கேசு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற அந்த ஊருக்கு 1911ல வந்த மனநல ஆஸ்பத்திரி, அந்த பயம் இன்னும் போகல.

எங்க சித்தப்பா மகனுக்கு கிளினிக்ல மனநோய்க்கு மாசாமாசம் ஊசி ஒழுங்கா போடுறாங்க, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா தோட்டத்துல வேலை போனதும் லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, தங்க இடம் இல்லாதவன் மாத்திரைய எங்க வச்சு எப்ப சாப்பிடுவான்? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டுல மனநலப் பிரிவும் உண்டுங்கிறதே இங்க நிறைய பேருக்குத் தெரியாது. அதுக்கு டாக்டர்கிட்ட ஃபாரம், அப்புறம் சமூக நலத்துறை ஜேகேஎம்ல பதிவு, வீட்டுக்கு வேற ஆபீஸ். சித்திதான் அடையாள அட்டை (ஐசி) காப்பி, மருந்துச் சீட்டு எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில சுருட்டிகிட்டு பஸ் ஏறுறாங்க, முட்டி வலியோட.

சுகாதார அமைச்சோட சமூக மனநல மையமான மென்தாரி சென்டர்ல ஆலோசனையும் கிடைக்குது, வேலைக்கும் உதவுறாங்க. அவங்க தோட்டப்புறத்துக்கும் வரணும், ஒரு குடும்பத்து கேசை ஒரே ஆளு எடுத்து வீட்டு விசயத்தையும் சேர்த்துப் பேசணும். அதுவரைக்கும் மனசு விட்டுப் பேசணும்னா மனநல உதவி போன் ஹீல் லைன் 15555, நம்பரை எழுதி வச்சுக்கோங்க.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்