ஒரே ஆள், இரண்டு கோப்புகள்: ஆட்டிசத்தையும் எஃப்.என்.டி.யையும் ஆராய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும், நரம்பியல், மனநல மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு 31 வயதானபோது ஒரு நாள் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் வலிப்பும் வர ஆரம்பித்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வலிப்பு வரும்போதே எடுத்த, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யிலும் ஒன்றும் இல்லை. எஃப்.என்.டி. என்றார்கள். செயல்பாட்டு நரம்பியல் கோளாறு. நரம்பு மண்டலத்தில் சேதம் எதுவும் இல்லை, அது வேலை செய்யும் விதம்தான் பிசகியிருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து, வேறொரு இடத்தில், வேறொரு மருத்துவர் எனக்கு ஆட்டிசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். இப்போது என்னிடம் இரண்டு மருத்துவக் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றை எழுதியவர்கள் மற்றதைப் படித்ததே இல்லை.

முதல் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: "தன் நிலையைப் பற்றிய கவலை நோயாளியின் முகத்தில் தெரியவில்லை." இந்த மடலை எழுத வைத்தது அந்த வரிதான்.

அந்த வரிக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருப்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஹிஸ்டீரியா என்ற பெயர் புழங்கிய காலத்தில், கால் விழுந்து கிடந்தும் அலட்டிக்கொள்ளாமல் இருப்பவர்களைப் பிரெஞ்சு மருத்துவர்கள் "அழகிய அலட்சியம்" உள்ளவர்கள் என்றார்கள். உள்ளே இருக்கும் மனப்போராட்டம் உடம்புக்கு இடம் மாறிவிட்டது, அதனால்தான் முகம் அமைதியாக இருக்கிறது என்பது அவர்களுடைய கணக்கு. அதுவரை வந்த ஆய்வுகளை 2006-இல் ஜான் ஸ்டோனும் சக ஆய்வாளர்களும் தொகுத்துப் பார்த்தார்கள். இந்த "அலட்சியம்" எஃப்.என்.டி. வகை நோயாளிகளில் 21 சதவீதம் பேரிடம் இருந்தது. உடலில் கண்ணுக்குத் தெரியும் நோய் உள்ளவர்களிலோ 29 சதவீதம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அது உதவாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனாலும் என் கோப்பில் அந்த வரி ஏறியிருக்கிறது.

என் முகம் எப்போதுமே அப்படித்தான். பிறந்தநாள் பரிசு கிடைத்தாலும் அதே முகம், சாவு வீட்டிலும் அதே முகம். அன்றைக்கு அந்த அறையில் நான் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். மேலே எரிந்த விளக்கு ஓயாமல் ரீங்கரித்தது, பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கத்தாமல் உட்கார்ந்திருக்கவே என் முழு பலமும் செலவானது. மருத்துவர் கண்ணில் பட்டது அமைதியான ஒரு பெண்.

அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பு: "மன அழுத்தம் இருப்பதை மறுக்கிறார்." நான் எதையும் மறுக்கவில்லை. "வலிப்பு வருவதற்கு முன்னால் என்ன உணர்ந்தீர்கள்?" என்று கேட்டார்கள், "ஒன்றும் இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். தன் உணர்ச்சி என்னவென்று அடையாளம் கண்டு அதற்கு ஒரு பெயர் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்ஸிதிமியா என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருக்கிறது, மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். எஃப்.என்.டி. உள்ளவர்களிடமும் அது கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியிருந்தும் எஃப்.என்.டி. விசாரணை முழுக்க "என்ன உணர்ந்தீர்கள்" என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. சத்தத்தைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, அன்றைக்கு ஏதாவது திட்டம் மாறியதா என்பதைப் பற்றி என்னிடம் யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணி நிமிடத்தோடு சொல்லியிருப்பேன். முதல் வலிப்பு வந்த அன்று அலுவலகத்தில் காலை முழுக்கத் தீ எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு, எஃப்.என்.டி.யை உறுதிசெய்ய மன அழுத்த நிகழ்வு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே பதிப்புதான் ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றில் வரும் மிகை உணர்வையும் குறை உணர்வையும் ஆட்டிசத்தின் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒரே புத்தகத்தில் வந்த இரண்டு மாற்றங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.

சரி, நீங்கள் செய்துவரும் ஆய்வுகளுக்கு வருகிறேன்.

கடந்த சில வருடங்களில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைப் பற்றிக் கட்டுரைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. அதற்கு உண்மையிலேயே நன்றி. ஆனால் பெரும்பாலானவை "எத்தனை பேர்" என்று எண்ணுகின்றன. சிறு குழுக்கள், அதிலும் செயல்பாட்டு வலிப்பு, அதாவது என்னுடையதைப் போல எஃப்.என்.டி.யால் வரும் வலிப்பு, உள்ளவர்களே அதிகம். எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணுகிற கருவியைப் பற்றித்தான் என் சந்தேகம். எஃப்.என்.டி. உள்ள ஒருவரிடம் ஆட்டிசக் கேள்வித்தாளைக் கொடுக்கிறீர்கள். கூட்டத்தைத் தவிர்க்கிறீர்களா என்று அது கேட்கிறது. நடுத்தெருவில் வலிப்பு வந்து விழுந்த எவரும் கூட்டத்தைத் தவிர்ப்பார். சத்தம் தொந்தரவு செய்கிறதா என்கிறது. எஃப்.என்.டி.யிலேயே பலருக்குச் சத்தம் தாங்காது. இப்படி ஆட்டிசம் இல்லாதவருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். இதற்கு நேர்மாறாக, முப்பது வருடமாக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொண்ட என்னைப் போன்றவர்கள் அதே தாளில் வடிகட்டப்பட்டுவிடுவோம். எஃப்.என்.டி. உள்ளவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள் என்பதே கவனமாக எடுத்த கணக்கு, பெண்கள் தவறவிடப்படுவதும் தெரிந்த விஷயம். அப்படியென்றால் எஃப்.என்.டி. மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருக்கும் பெண்களில் பெயர் வைக்கப்படாத ஆட்டிசம் எவ்வளவு இருக்கும்? ஒரு கேள்வித்தாளை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிறு வயது வரலாறு வேண்டும், முடிந்தால் பெற்றோரோடு பேச வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும். செலவு பிடிக்கிற வேலைதான்.

இன்னொன்று. "இணைநோய்" என்று எழுதும்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக வந்து நின்றதுபோல் தோன்றுகிறது. ஆட்டிசம் முதலிலேயே இருக்கிறது, எஃப்.என்.டி. பின்னால் வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எஃப்.என்.டி. வருவதே இல்லை. வராதவர்களிடம் என்ன இருக்கிறது, வந்தவர்களுக்கு வருவதற்கு முந்தைய வருடம் என்ன நடந்தது? வேலை மாறியதா, காயம் பட்டதா, நடித்து நடித்து ஓய்ந்துபோனார்களா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆட்டிசம் உள்ள இளைஞர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். ஒரு நாள் வந்து படிவம் நிரப்பிவிட்டுப் போகிற ஆய்வில் இது கிடைக்காது.

இனி, என்னை ராத்திரி தூங்கவிடாத ஒரு விஷயம். 2012-இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் எஃப்.என்.டி.யைப் பற்றி எழுதியது. மூளை எப்போதும் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது, உடம்பிலிருந்து வரும் தகவலை அந்த ஊகத்தோடு ஒத்துப்பார்க்கிறது. எஃப்.என்.டி.யில் "இந்தக் கால் நகராது" என்பது போன்ற ஒரு ஊகம் அளவுக்கு மீறி வலுப்பெற்று, உண்மையான தகவலை அமுக்கிவிடுகிறது. கவனம் உடம்பின் பக்கம் திரும்பத் திரும்ப அது இன்னும் வலுக்கிறது என்றார்கள். மற்றொன்று லிஸ் பெலிகானோவும் டேவிட் பர்ரும் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது. ஆட்டிசத்தில் ஊகங்கள் வலுவிழந்திருக்கின்றன, அதனால் உலகம் வடிகட்டப்படாமல் அப்படியே உள்ளே வந்து கொட்டுகிறது என்றார்கள். ஒன்றில் ஊகம் மிகை, மற்றதில் ஊகம் குறை. அப்படியானால் என் தலைக்குள் எப்படி இரண்டும் குடியிருக்கின்றன?

முதல் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான கார்ல் ஃப்ரிஸ்டன், இரண்டு வருடம் கழித்து ரெபெக்கா லாசனோடு சேர்ந்து ஆட்டிசத்தைப் பற்றியும் எழுதினார். அதனால் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே வழி இருக்கிறது. லாசனும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட சோதனையில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் சூழல் உண்மையில் மாறுவதைவிட அதிகமாக மாறிக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ பொருந்தியது. எதையுமே நம்பி நிற்க முடியாத வெள்ளத்தில், கைக்குக் கிடைத்த ஒரே ஒரு கட்டையை மூளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதோ? அந்தக் கட்டை "கால் நகராது" என்ற ஊகமாக இருந்துவிட்டால்? நான் விஞ்ஞானி இல்லை, இது முழுத் தவறாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. எஃப்.என்.டி. மட்டும் உள்ளவர்கள், ஆட்டிசம் மட்டும் உள்ளவர்கள், இரண்டும் உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று நான்கு குழுக்களை ஒரே சோதனையில் உட்கார வைத்தால் போதும். இரண்டும் உள்ளவர்களைத் தரவைக் குழப்புவார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்களிடம்தான் இந்த இரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

சோதனை என்றதும் ஒரு நல்ல நினைவு வருகிறது. ஒரு நரம்பியல் மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, பலமிழந்த காலின் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னார். வரவில்லை. மற்ற காலைத் தன் கையை எதிர்த்து உயர்த்தச் சொன்னார். உடனே பலமிழந்த கால் தானாகவே கட்டிலை அழுத்தியது. 1908-இல் ஹூவர் என்ற மருத்துவர் எழுதிய பரிசோதனை இது என்று சொல்லி, பொறுமையாக மறுபடியும் செய்துகாட்டினார். அவ்வளவு நாளில் யாரும் எனக்குத் தராத நிம்மதியை அந்த ஐந்து நிமிடம் தந்தது. "எல்லாம் மனசுதான்" என்று ஆறுதல் சொன்னால் எனக்கு ஒன்றும் ஏறாது. கணக்குப் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வேன். இந்த விளக்கும் முறை ஆட்டிசம் உள்ளவர்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

ஆனால் எல்லாப் பரிசோதனையும் இப்படி இல்லை. வீடியோ இ.இ.ஜி.க்காகத் தலை முழுக்கப் பசை தடவி, கம்பிகள் ஒட்டி, நாள்கணக்கில் ஒரே அறையில் கிடப்பது தொடு உணர்வு மிகுந்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலர் பாதியில் பிய்த்தெறிந்துவிடுவார்கள். வலிப்பின் வகையைப் பிரித்தறிய அதுதான் சிறந்த வழி என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கால்-கை வலிப்பும் (மூளையின் மின்னோட்டக் கோளாறால் வருவது) மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. இரண்டு வகை வலிப்பும் ஒருவருக்கே இருக்கலாம். அப்புறம், ஆட்டிசத்தில் பேச்சும் அசைவும் நின்றுபோகிற முடக்க நிலை இருக்கிறது. லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000-இல் எழுதிய கட்டடோனியாவும் (அசைவு தடைபட்டு உடல் உறைந்துபோகும் நிலை) இருக்கிறது. அவர்களிடம் அனுப்பப்பட்டவர்களில் 15 வயதைத் தாண்டியவர்களில் 17 சதவீதம் பேருக்கு அதைக் கண்டார்கள். இவற்றுக்குச் சிகிச்சை வேறு வேறு. பெயர் மாறினால் மருந்தும் மாறும்.

சிகிச்சையிலும் இதே கதைதான். செயல்பாட்டு வலிப்புக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது, 368 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருட முடிவில் வலிப்பின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் வலிப்பு தரும் தொல்லையும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டிருந்தன. சராசரி என்பது பலரை மறைத்துவிடும். தன் உணர்ச்சியின் பெயர் தெரியாத ஒருவருக்கு "எண்ணம், உணர்ச்சி, செயல்" என்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் நடுக் கட்டம் காலியாகவே இருக்கும். எனக்கு எட்டு வாரம் காலியாக இருந்தது. ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். உணர்ச்சிக்குப் பதிலாக இதயத் துடிப்பு, தாடை இறுக்கம், சத்தத்தின் அளவு என்று குறிக்கச் சொல்லியிருந்தால் நிரப்பியிருப்பேன். பிசியோதெரபியில் கவனத்தை உடம்பிலிருந்து திருப்பச் சொல்கிறார்கள். ஒரே விஷயத்தில் முழுதாக மூழ்கிவிடும் எங்களுக்கு அது சிலசமயம் முடியாத காரியம், சிலசமயம் மற்றவர்களைவிட எளிது. எனக்குப் பிடித்த ரயில் கால அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நடந்தால் கால் ஒழுங்காக வருகிறது. என் தெரபிஸ்ட் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. தற்செயலை நம்பி எத்தனை பேர் காத்திருப்பது?

எங்கள் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டிசம் உள்ள சிலருக்கு இந்த இணைப்பைப் பற்றிய பேச்சே பிடிப்பதில்லை. காரணம் இருக்கிறது. ஹிஸ்டீரியா என்று பெண்களை நடிப்புக்காரிகளாக்கிய வரலாறு ஒரு பக்கம், பிள்ளையின் ஆட்டிசத்துக்குப் பாசமற்ற தாயே காரணம் என்று பழிபோட்ட வரலாறு மறுபக்கம். இரண்டு பழியையும் ஒரே தலையில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். எஃப்.என்.டி. என்று கோப்பில் ஏறிய பிறகு வருகிற எந்த வலியையும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். ஆகவே ஆய்வைத் திட்டமிடும்போதே எங்களையும் உட்கார வையுங்கள். கேள்விகள் எழுதி முடித்த பிறகு கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பதை நான் சொல்லவில்லை. பேசாதவர்களையும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் விட்டுவிடாதீர்கள். இந்த மடலை எழுத எனக்கு மொழி இருக்கிறது, அவர்களுக்கு வலிப்பு வந்தால் அது என்ன வகை என்று கேட்கவே ஆள் இல்லை.

உங்களில் யாராவது அந்த நான்கு குழு ஆய்வைத் தொடங்கினால் நான் வருகிறேன். கேள்விகளை இரண்டு நாள் முன்னால் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். விளக்கை மட்டுப்படுத்துங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தை மாற்றாதீர்கள். என் முகத்தைப் பார்த்து எதுவும் எழுத வேண்டாம். பயமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் என் கை நாடியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டு கோப்புகளுக்கும் சொந்தக்காரி