நடுவில் ஒளிந்தவர்

செம்பூர், மும்பை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ தில்லிக்குத் திரும்பி 19 நாட்கள் ஆகின்றன. எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது என்பதால் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ வைத்துவிட்டுப் போன ஆய்வுத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். எல்லோருடைய மரபணுவையும் படிக்கப் பணம் போதாதபோது, கொலஸ்ட்ரால் மிகக் கூடுதலாக உள்ளவர்களையும் மிகக் குறைவாக உள்ளவர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் இருப்பவர்களை விட்டுவிடலாம் என்ற யோசனை, முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கிடந்த எனக்கு உடனே பிடிபட்டது. டாலஸ் நகரில் 3,000-க்கும் மேற்பட்டோரை அளந்து வைத்திருந்தவர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்.டி.எல். மிகக் குறைவாக இருந்த 128 பேரிடம் மட்டும் அதைக் கூட்டும் பி.சி.எஸ்.கே.9 மரபணுவைப் படித்து, அந்த மரபணுவை முடக்கும் இரண்டு மாற்றங்களை 2005-இல் கண்டறிந்த கதையை எதிர்வீட்டு மாமாவுக்கு நானே விளக்கினேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு உன்னைப் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, அதை நீ போனில் கேட்டிருக்கலாம்.

ஆனால் மிகக் கூடுதல், மிகக் குறைவு என்ற அந்த இரண்டு ஓரங்களில் அரிய மரபணு மாற்றங்கள் மட்டும் சேர்வதில்லை, பிழைகளும் அங்கேதான் சேரும். தைராய்டு குறைந்தவருக்கும் எல்.டி.எல். ஏறும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கணக்கில் கொண்ட பிறகே யார் ஓரம் என்று முடிவு செய். முக்கியமாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேள். ஒரு முறை இல்லை என்றால் விட்டுவிடாமல் மறுபடியும் கேள். வீட்டார் எதிரில் கேட்காதே. ஓரத்தில் நிற்க வேண்டியவர் மாத்திரையின் தயவால் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால், உன் முறைப்படி அவரை நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய்.

பொங்கலன்று காலண்டர் தாளின் பின்பக்கம் நம் குடும்ப மரத்தை வரைந்தாயே, அதில் என் கட்டத்துக்குள் எல்.டி.எல். 118 என்று எழுதினாய். அந்த எண் பொய். 2014-இல் எனக்கு 212. அன்று முதல் அட்டர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். மாத்திரை அட்டை விபூதி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது. என் 118-ஐ நம்பித்தான் நீ சித்தப்பாவின் இதய நோய்க்குக் காரணமாக அவன் கட்டத்துக்குக் கீழே 'சிகரெட்' என்று எழுதினாய். அவனுக்கு வயது 41. நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் இருந்த நாளில் இதே தவற்றைச் செய்தவர்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

என் கட்டத்தில் 118-ஐ அடித்துவிட்டு 212 என்று எழுது. உன் வட்டம் மட்டும் அன்று காலியாகவே இருந்தது. காரணம் கேட்கவில்லை. எண் தெரிந்திருந்தால் அதை மட்டும் அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
அப்பா