கவசத்தோடு ஆற்றில் இறங்கும் வீரனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் வீட்டுக்குள் அடைந்திருக்க நேரும் கோத்தகிரிப் பக்கத்திலும் இந்த விளையாட்டில் ஊறிப்போன இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு குழுவுக்கு ஆட்டத்தை நடத்திவருபவன் என்ற முறையில், கட்டுரையின் ஒரு கருத்தை மட்டும் மறுக்க விரும்புகிறேன். இரும்புக் கவசம் அணிந்த வீரன் நீந்த முடியுமா என்ற கேள்வி, டிராகன் பறக்கும் உலகத்தில் எழவே தேவையில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். டிராகன் பறப்பதற்கு அந்த உலகம் மந்திரம் என்ற காரணத்தை வைத்திருக்கிறது. தண்ணீருக்கு அப்படி எந்த விலக்கும் சொல்லப்படவில்லை. அங்கேயும் மூச்சு முட்டினால் வீரன் சாகிறான். ஆகவே கேள்வி எழத்தான் செய்யும். அதற்கு ஆட்டம் ஒழுங்கான விடை சொல்லவும் வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான, 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இந்த விடையைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2003இல் வந்த திருத்தப் பதிப்பில் கவசத்துக்கான கழிவு, அதாவது பகடையில் விழும் எண்ணிலிருந்து கவசத்துக்காகக் குறைக்கும் எண், நீச்சலின்போது இரட்டிப்பாகும். முழுத் தகட்டுக் கவசத்தின் கழிவு 6 என்பதால் நீரில் அது 12 ஆகிவிடுகிறது. அசைவற்ற குளத்தில் நீந்த 10 எடுத்தால் போதும் என்றாலும், உடல் வலிமைக்காக 3 கூட்டிக்கொள்ளும் ஒரு வீரன், நீச்சலில் தனிப் பயிற்சி இல்லாவிட்டால், 20 முகப் பகடையில் 19 அல்லது 20 போட்டால்தான் முன்னேற முடியும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்போ மறுகோடிக்குப் போய்விட்டது. அதன் அடிப்படை விதிகளின்படி நீரில் யாருடைய வேகமும் பாதியாகும், அவ்வளவுதான். 65 பவுண்டு எடையுள்ள தகட்டுக் கவசம் போட்டவனுக்கும் வெறும் வேட்டியோடு இறங்குபவனுக்கும் வேறுபாடு கிடையாது. அதே கவசம் சத்தமின்றி நடப்பதற்கு இடையூறு என்று சொல்லும் புத்தகம், மூழ்குவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. முதல் விதி எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிடுகிறது, இரண்டாவது விதி இரும்பையே மறந்துவிடுகிறது. ஆட்டம் எண்ண வேண்டியது நேரத்தை என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். உண்மையான போர்க்களத் தகட்டுக் கவசங்கள் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரை இருந்தன. 20 கிலோ எஃகு நீரில் இரண்டரை லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். எனவே மிதப்பு விசை போக, பதினேழரை கிலோ சுமை அப்படியே வீரனின் மேல் நிற்கும். மனித உடலோ, நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து வைத்திருக்கும்போதுதான் ஒருவாறு மிதக்கிறது. அமெரிக்காவில் உயிர்காப்பாளர் பயிற்சிக்கு வருபவர்களை, 10 பவுண்டுப் பொருள் ஒன்றைக் குளத்தின் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு நீந்தச் சொல்லிச் சோதிக்கிறார்கள். நாலரை கிலோவே தேர்வு வைக்கத்தக்க சுமை என்றால், அதைப்போல் நான்கு மடங்கைத் தாங்கி மேலே நிற்க எவ்வளவு உழைப்பு வேண்டும்! அந்த உழைப்பைச் சிறிது நேரம் தர முடியும். பிறகு கால் ஓய்ந்துவிடும்.

அந்தச் சிறிது நேரம் கற்பனை அல்ல என்பதற்கு வரலாறு சாட்சி. ரோமப் படையில் பணியாற்றிய படாவியர்கள் ஆயுதங்களோடும் குதிரைகளோடும் அணி குலையாமல் ரைன் நதியை நீந்திக் கடக்கப் பழகியவர்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஹாட்ரியன் பேரரசரின் முன்னிலையில் முழு ஆயுதங்களோடு டான்யூப் நதியை நீந்தியதாக ஒரு வீரனின் கல்லறைக் கவிதை பெருமைப்படுகிறது. ஜப்பானில் சாமுராய் மரபிலிருந்து வந்த நீச்சல் பள்ளிகள், உடலை நிமிர்த்திக் கால்களை மாறி மாறிச் சுழற்றி நிலைநீச்சல் அடிக்கும் முறையையும், கவசம் பூண்டு நீந்தும் கலையையும் இன்றும் கற்பிக்கின்றன. இவர்களெல்லாம் பல்லாண்டு பயின்றவர்கள். பயிற்சியில்லாத ஒருவனுக்கு அதே நீர் எமனாகும். 1190இல் சலேப் ஆற்றில் மாண்ட ஜெர்மானியப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவை அவருடைய கவசம்தான் மூழ்கடித்தது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் அவர் ஆற்றைக் கடக்கும்போது இறந்தாரா, குளிக்கும்போது இறந்தாரா என்பதிலேயே அக்காலக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை என்பதால், நான் அவரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

மலைநாட்டுக்காரர்கள் இதில் மேலும் இரண்டைச் சேர்த்துச் சொல்ல முடியும். ஒன்று குளிர். அவலாஞ்சி, எமரால்டு போன்ற அணைகளின் நீரில் மார்கழி, தை மாதங்களில் திடீரென்று விழுபவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டை இழந்து வாங்கும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்துவிட்டால், மூழ்கக் கவசமே தேவையில்லை. கவசத்துக்குள் அணியும், பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கியும் இதில் சேர்த்தி. தொடக்கத்தில் அது காற்றைப் பிடித்துவைத்துச் சற்றே உதவுகிறது. நனைந்து ஊறிய பிறகு கையையும் காலையும் வீச விடாமல் பின்னிழுக்கிறது. அது உறிஞ்சிய நீரின் முழு எடையும் கரையேறும்போதுதான் தெரியவரும், நனைந்த ஸ்வெட்டரோடு ஓடையிலிருந்து பாறைமேல் ஏற முயன்றவர்களுக்கு இது புரியும்.

மற்றொன்று ஓட்டம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதில் வியப்பான ஒன்று உண்டு. முழங்கால் அளவு நீரில் நடந்து கடக்கும்வரை கவசத்தின் எடை உதவியாகவே இருக்கிறது, காலைத் தரையில் அழுத்தி நிறுத்துகிறது. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கிய கணமே உதவி வினையாகிவிடுகிறது. எந்த விதிப்புத்தகமும் இதைச் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் எங்கள் ஆட்டத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் போலவே நாங்கள் வரைந்துகொண்ட ஒரு கணவாயில், மிகப் பரபரப்பான மாலையைத் தந்தது இந்த ஒரு நுட்பம்தான். இடுப்பளவு நீரில் நின்றிருந்த வீராங்கனையை ஆடிய கல்லூரி மாணவி, பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணா, இங்கேயே நின்னு கழற்றிடலாமா, இல்ல அக்கரைக்குப் போய்டலாமா?" என்று கேட்டார். மேசையில் வேறு யாரும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்கு இடம் தரும் விதியைத்தான் நான் வேண்டுகிறேன். அதற்கான எண்கள் ஐந்தாம் பதிப்பிலேயே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. கனமான கவசத்தைக் கழற்ற 5 நிமிடம் ஆகும் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. மூச்சை அடக்கும் நேரம், ஒரு நிமிடத்தோடு உடலுறுதிக்கான கூட்டலைச் சேர்த்தால் வருவது என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. கூட்டல் 2 உள்ள திடமான வீரனுக்கு அது 3 நிமிடம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூழ்கியவன் தனியாகக் கவசத்தைக் கழற்றிப் பிழைக்க வழியில்லை. ஆகவே, தகட்டுக் கவசத்தோடு ஆழநீரில் விழுந்தவன் பயிற்சியுள்ளவனானால் உடலுறுதிக்கேற்பச் சில சுற்றுகள் மேலே நிற்கலாம், பயிற்சியற்றவன் அடுத்த சுற்றிலேயே அமிழ்வான், அதன்பின் மூச்சுக் கணக்கு தொடங்கும் என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். உதவிக்கு ஆள் இருந்தால் கழற்றும் நேரம் பாதியாகும் என்பதும் அதே புத்தகத்தின் விதி. அதாவது இரண்டரை நிமிடம். நண்பன் ஒருவன் தன் கவசத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு உடனே பின்னால் குதித்தால், அரை நிமிட மூச்சு மிச்சமிருக்க வீரன் மேலே வந்துவிடுவான். கவசம் ஆற்றோடு போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி.