‘நூலிழையில் உயிர் தப்பினர்’ என்று எழுதும் செய்தி ஆசிரியர்களுக்கு

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகளின் செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் திரும்பி வந்தால் உங்கள் தலைப்பு என்னவாக இருக்கும் என்று டிவியைப் போடும் முன்பே எனக்குத் தெரியும். ‘நடுவானில் திக் திக் நிமிடங்கள்’, ‘நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்’, ‘விமானியின் சாதுர்யத்தால் பெரும் விபத்து தவிர்ப்பு’. கூடவே தீப்பிழம்போடு ஒரு கிராஃபிக்ஸ் படம். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. மக்கள் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றைக் காட்டுகிறீர்கள்.

இரண்டு எஞ்சின் பயணிகள் விமானம் எதுவானாலும், ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் ஒரு எஞ்சின் நின்றால், மற்றதை வைத்தே மேலேற முடியும். அதை நிரூபிக்காமல் அந்த ரகத்துக்குச் சான்றிதழே கிடையாது. அந்த வேகத்தை ‘வி ஒன்’ என்பார்கள். எடை, வெப்பம், ஓடுபாதையின் நீளம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு முறையும் கணக்கிடுவார்கள். விமானிகள் சிமுலேட்டரில் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரத்தில்) சலிக்கச் சலிக்கச் செய்யும் பயிற்சியும் இதுதான்.

எஞ்சின் நின்ற பிறகு நல்ல விமானிகள் செய்வது, வெளியிலிருந்து பார்த்தால் மந்தமாகத் தெரியும். முதலில் விமானத்தை நேராகப் பிடித்து மேலேற்றுவார்கள். சுமார் 400 அடி தாண்டும் வரை எஞ்சின் சுவிட்ச் எதையும் தொடமாட்டார்கள். அப்புறம் ஒருவர் எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் கருவியைப் பார்த்து ஆமாம் என்ற பிறகே எரிபொருளை நிறுத்துவார்கள்.

இந்த நிதானம் ஏன் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1989 ஜனவரி 8, லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குக் கிளம்பிய போயிங் 737-400. மேலேறும்போது இடது எஞ்சினின் விசிறி இதழ் ஒன்று உடைந்தது. அதிர்வு, கருகல் வாடை, காக்பிட்டில் புகை. விமானிகள் கோளாறு வலது பக்கம் என்று முடிவு செய்து வலது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். கெட்ட நேரம், அந்த நேரம் பார்த்து அதிர்வும் குறைந்தது. செய்தது சரி என்று நம்பிவிட்டார்கள். இருவருமே அனுபவசாலிகள். ஆனால் அந்த ரகம் புதிது, அதற்கென்று தனி சிமுலேட்டர் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதிர்வு காட்டும் கருவியோ கண்ணில் படாத அளவுக்குச் சின்னது.

வலது எஞ்சினில் கோளாறு, நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் மைக்கில் அறிவித்தார். இடது எஞ்சினிலிருந்து நெருப்பு வந்ததைப் பார்த்த பயணிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பணியாளர்களில் மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து, ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது இடது எஞ்சினும் போய், கெக்வொர்த் ஊருக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஆற்றுக்குள் விழுந்த ஏடிஆர் விமானமும் இதே கதைதான். பழுதானது ஒன்று, அவசரத்தில் அணைத்தது இன்னொன்று. 43 பேர் போனார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னி கிளம்பிய குவாண்டாஸ் ஏ380-இன் எஞ்சின் ஒன்று வெடித்து, சிதறிய துண்டுகள் இறக்கையையே துளைத்தன. கணினியில் வரிசையாக எச்சரிக்கைகள். விமானிகள் உடனே இறக்கப் பாயாமல், வட்டமடித்தபடி சுமார் 50 நிமிடம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். பிறகு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே இறங்கினார்கள். இருந்த 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. உங்கள் மொழியில் சொன்னால் அது ‘தரையிறங்க முடியாமல் வானிலேயே தவித்த விமானம்’!

தயவுசெய்து அந்தத் ‘தவித்த’ என்ற சொல்லை மட்டுமாவது விடுங்கள். உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏ320, 737 ரகங்களில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. எரிபொருள் செலவாகி எடை குறையவும், செக்லிஸ்ட் (சரிபார்ப்புப் பட்டியல்) முடியவும், கீழே தீயணைப்பு வண்டிகள் தயாராகவும் சுற்றுகிறார்கள். அவசரம் என்றால் கூடுதல் எடையோடும் இறங்குவார்கள். அதற்கும் வழிமுறை உண்டு. இப்படியே எழுதிக்கொண்டிருந்தால், திரும்பி வந்த விமானி ஏதோ தப்பு செய்ததாகவும், சமாளித்துப் போய்ச் சேர்ந்தவர் கெட்டிக்காரர் என்றும் ஊர் நினைத்துக்கொள்ளும்.

எழுத வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. 2018 மார்ச்சில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ, பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் குறிப்பிட்ட எஞ்சின்கள் பொருத்திய 11 ஏ320நியோ விமானங்களை ஒரே நாளில் நிறுத்திவைத்தது. 8 இண்டிகோவுடையவை, 3 கோஏர் உடையவை. அதற்கு முன்பே அந்த எஞ்சின்கள் பறக்கும்போது நின்றுபோயிருந்தன. அந்த ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் அலறினார்கள் என்று கேட்டவர்கள், அதே ரக எஞ்சின் முன்பு எப்போது நின்றது, எந்தப் பாகம் போனது என்று கேட்டிருந்தால் விஷயம் முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 மே மாதம் அதே கோஏர், கோ ஃபர்ஸ்ட் என்ற பெயரில், எஞ்சின்கள் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லிப் பறப்பதையே நிறுத்தியது.

அடுத்த முறை நிருபரை அனுப்பும்போது, பயணியிடம் ‘பயமாக இருந்ததா’ என்று மைக்கை நீட்ட வேண்டாம். பயமாகத்தான் இருந்திருக்கும். ஜன்னல் வழியாக என்ன பார்த்தீர்கள், எந்தப் பக்கம், பணியாளரிடம் சொன்னீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். விமானப் பணியாளர்களிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதே நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. அந்த எஞ்சினை நிறுவனம் கழற்றியதா, என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒரு மாதம் கழித்து ஒரு ஃபோன் போட்டு விசாரித்து, அதையும் போடுங்கள். உள்பக்கத்தில் நாலு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்