கரேலியா: குடும்பங்கள் பிழைத்தன, ஊர்கள் கலைந்தன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உக்ரைன் போரை முடிக்க நிலத்தை விட்டுக்கொடுப்பது பற்றிய செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வருகின்றன. எத்தனை சதுர கிலோமீட்டர், எந்த நகரம் யாருக்கு என்ற கணக்கெல்லாம் அவற்றில் இருக்கிறது. எல்லையோரத்தில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள், போன இடத்தில் என்ன ஆவார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், இதே நிலைக்கு ஆளான, பின்லாந்தின் கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவைப் பற்றிச் சில செய்திகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கின. மூன்றரை மாதப் போருக்குப் பின் 1940 மார்ச்சில் மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையால், கரேலியாவின் வீப்புரி நகரமும் லடோகா ஏரிக்கரை ஊர்களும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அங்கே வாழ்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ அனைவரும், கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு பின்லாந்தின் பிற பகுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மீண்டும் போர் மூண்டு, பின்லாந்துப் படைகள் அந்த நிலத்தைத் திரும்பப் பிடித்தபோது, ஏறத்தாழ 2,80,000 பேர் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். எரிந்துபோன வீடுகளைத் திரும்பக் கட்டி, தரிசாகக் கிடந்த வயல்களை உழுது விதைத்தார்கள். 1944 ஜூனில் சோவியத் படைகள் மறுபடி முன்னேறின. கட்டிய வீட்டையும் விளைந்துகொண்டிருந்த பயிரையும் விட்டு அவர்கள் இரண்டாம் முறையாகப் புறப்பட்டார்கள். முதல் இழப்பைவிட, நம்பித் திரும்பியபின் நேர்ந்த இந்த இரண்டாவது இழப்பையே நான் பெருங்கொடுமையாக நினைக்கிறேன்.

பின்லாந்து அரசு தன் மக்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1945-இல் இயற்றிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி, அரசு, திருச்சபை, பெரிய பண்ணையார்கள் ஆகியோரின் நிலங்களிலிருந்து பிரித்தெடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வழங்கியது. போரில் தோற்று, சோவியத் ஒன்றியத்துக்கு இழப்பீடும் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிறிய நாடு இதைச் செய்தது. இடம்பெயர்ந்தவர்களை ஒரு அரசு எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை அந்தக் காலத்து ஐரோப்பாவில் தேடுவது கடினம்.

ஆயினும், அந்த நல்ல ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு சமூகம் கரைந்துபோனது. லடோகாவுக்கு வடக்கே சல்மி, சுவோயார்வி முதலிய எல்லை ஊர்களில் வாழ்ந்தவர்களில் பலர், ரஷ்யர்களைப் போல ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த கிறித்தவர்கள். பின்னிஷ் மொழிக்கு நெருங்கிய உறவுடைய கரேலிய மொழியைப் பேசியவர்கள். பின்லாந்தின் பெரும்பான்மையினரான லூத்தரன் கிறித்தவர்களிடையே சிதறிக் குடியமர்த்தப்பட்ட அவர்கள், அண்டை அயலாரால் ரஷ்யர்கள் என்று ஏசப்பட்டார்கள். பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். சிலர் திருச்சபையையும் மாற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகும் மொழியைப் பிள்ளைகளிடம் பேசப் பெற்றோர் தயங்கினார்கள். இன்று பின்லாந்தில் கரேலிய மொழியைச் சரளமாகப் பேசக்கூடியவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

இதைத் தவிர்த்திருக்க முடியாதா என்று கேட்டால், முடிந்திருக்கும் என்பதற்கு அந்த 1945-ஆம் ஆண்டுச் சட்டமே சான்று. பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் வட்டாரங்களின் மொழி விகிதம் குடியேற்றத்தால் மாறிவிடக் கூடாது என்பதற்கு அதில் பாதுகாப்பு இருந்தது. பின்னிஷின் வட்டார வழக்கு என்றே அக்காலத்தில் கருதப்பட்டதால் கரேலிய மொழிக்கு அத்தகைய பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2009-இல்தான் அரசு அதைத் தனிச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. அதற்குள் இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன.

எல்லையின் மறுபக்கத்து இங்கிரிய மக்களின் கதை இன்னும் கொடியது. லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) சுற்றி வாழ்ந்த பின்னிஷ் மொழியினரான இவர்களில் ஏறத்தாழ 63,000 பேர் 1943, 1944 ஆண்டுகளில் பின்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். போர்நிறுத்தத்துக்குப் பின் சுமார் 55,000 பேர் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார்கள். வீடு திரும்புகிறோம் என்று நம்பி ரயிலேறியவர்களைச் சொந்த ஊருக்கு விடாமல், யாரோஸ்லாவ்ல், கலினின் போன்ற தொலைதூர வட்டாரங்களில் பிரித்து இறக்கிவிட்டார்கள்.

குடும்பத்துக்கு வீடும் நிலமும் கொடுத்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். பேச்சும் வழிபாடும் திருவிழாவும் பிழைக்க வேண்டுமானால், ஓர் ஊரார் சேர்ந்து வாழவும், அவர்கள் மொழியில் பிள்ளைகள் படிக்கவும் இடம் வேண்டும். ஆகவே, போர்நிறுத்த வரைவுகள் பற்றிய செய்தி வரும்போது, இடம்பெயர்வோரையும் எல்லைக்கு அப்பால் தங்கிவிடுவோரையும் பற்றிய பிரிவுகளை, அப்படி ஏதும் இல்லையென்றால் இல்லை என்ற செய்தியையும், வரைபடத்துக்குத் தரும் அதே இடத்தைத் தந்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்